ஒரு கேம்பெய்ன் எத்தனை நாள் தாங்கும்?

போன மாசம் வீடு மாத்தினோம். பரண்ல இருந்து இறக்கின அட்டைப்பெட்டி ஒண்ணுல, காலாவதியான பாஸ்போர்ட், பழைய வரிக் காகிதங்கள், எதுக்கு வெச்சிருக்கோம்னே தெரியாத சார்ஜர்கள், இதுக்கெல்லாம் அடியில நாலா மடிச்ச ஒரு தாள். மேல பென்சில்ல "கருப்பன், ஃபைட்டர், லெவல் 4"ன்னு என் கையெழுத்து. ஹிட் பாயிண்ட் கட்டத்துல எழுதி அழிச்சு, எழுதி அழிச்சு தாளே நைஞ்சு போயிருக்கு. ஓரத்துல காபிக் கறை. "இதையும் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாமா?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. ஒரு நிமிஷம் எனக்குப் பதிலே வரல.

கொசுவத்தியைச் சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்குங்க.

2007 அக்டோபர். மினியாபொலிஸ்ல ஆன்சைட், பொட்டி தட்டுற வேலை. குளிர் ஆரம்பிச்சாச்சு, சாயந்திரம் அஞ்சரைக்கு மேல என்ன செய்யறதுன்னு தெரியாம ரூம்ல உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கிட்டிருந்த காலம். பக்கத்து சீட்டு அமெரிக்க நண்பர் ஒருநாள், "வியாழக்கிழமை சாயந்திரம் சும்மாதானே இருக்கே? எங்க வீட்டுக்கு வா, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடலாம்"னார். கம்ப்யூட்டர் கேம்னு நினைச்சுத்தான் போனேன். போனா சாப்பாட்டு மேசை, பீட்சா, பென்சில், இருபது முகம் உள்ள ஒரு பகடை, சுத்தி உட்கார்ந்து அஞ்சு பேர்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. இதுல ஒருத்தர் மாஸ்டர், அவர்தான் உலகம். மீதிப் பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் தட்டறேன்"னு நீங்க சொன்னா, கதவுக்குப் பின்னாடி என்ன சத்தம் கேக்குதுன்னு அவர் சொல்லுவார். உதைச்சா உடையுமா உடையாதான்னு சந்தேகம் வந்தா பகடை உருட்டணும். ஜெயிச்சவர் தோத்தவர்னு யாரும் கிடையாது. அதே பாத்திரத்தை வெச்சுக்கிட்டு மாசக்கணக்குல, வருஷக்கணக்குல தொடர்ந்து ஆடினா அதுக்குப் பேர்தான் கேம்பெய்ன்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு வியாழன்னு பேசி வெச்சோம். அக்டோபர் 11-ல ஆரம்பிச்சு 2008 மார்ச் 27 வரைக்கும் கணக்குப்படி பதிமூணு வியாழன் வரணும். ஒண்ணை தேங்க்ஸ்கிவிங் சாப்பிட்டுது, இன்னொண்ணை வேலண்டைன்ஸ் டே (கல்யாணமானவங்க ஒருத்தரும் வரல, ஏன்னு கேக்கப்படாது :-)). ஆக பதினொண்ணு. பதினோராவது நாள் ராத்திரி பதினோரு மணிக்கு, பாதாளச் சுரங்கத்துல ஒரு கல் கதவு முன்னாடி வந்து நின்னோம். "அடுத்த தடவை பார்க்கலாம்"னு மாஸ்டர் புத்தகத்தை மூடினார். ஏப்ரல்ல அவருக்குக் குழந்தை பிறந்தது. மே மாசம் எனக்கு சென்னை டிக்கெட். அடுத்த தடவை வரவே இல்லை.

முடிஞ்சதுன்னு யாரும் சொல்லல. இங்க இருக்கிறவங்களுக்கு இது புரியும். "பாகம் 1"னு தலைப்பு போட்டு ஆரம்பிச்ச தொடர் எத்தனை நம்மகிட்ட கிடக்கு? நிறுத்தறோம்னு எவனாவது அறிவிச்சிருக்கோமா? :-)

தாள் கையில கிடைச்ச நாள்ல இருந்து ஒரு கேள்வி குடைஞ்சுக்கிட்டே இருந்தது. எங்க ஆட்டம் மட்டும்தான் இப்படி அல்பாயுசா, இல்ல எல்லாருக்கும் இதே கதிதானா? படிச்சுப் பார்த்தா இதுக்கு ஒரு வரலாறே இருக்கு. அது ஆரம்பிக்கிறது நாங்க ஆடின அதே ஊர்ப்பக்கம்தான்ங்கறது கூடுதல் ஆச்சரியம்.

மினியாபொலிஸும் செயின்ட் பாலும் ஒட்டிப் பிறந்த ரெட்டை நகரங்கள். 1960கள் கடைசியில அங்க பொம்மைப் படைகளை வெச்சு நெப்போலியன் காலத்துப் போர்களை ஆடற இளைஞர் கூட்டம் ஒண்ணு இருந்தது. அதுல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர், ஆளுக்கொரு படைப்பிரிவு தர்றதுக்குப் பதிலா ஆளுக்கொரு மனுஷனைக் கொடுத்து ஆட வெச்சுப் பார்த்தார். பிரவுன்ஸ்டைன்னு அந்த ஆட்டத்துக்குப் பேர். 1970-ல அவர் ராணுவ வேலைக்குப் போயிட, கூட இருந்த டேவ் ஆர்னெசன் அந்த யோசனையைப் பிடிச்சுக்கிட்டார். 1971-ல தன் அப்பா அம்மா வீட்டு பேஸ்மென்ட்ல பிளாக்மூர்ங்கற கற்பனை ஊரை ஆரம்பிச்சார். மந்திரவாதி, பூதம், ஊருக்கு நடுவுல ஒரு கோட்டை, கோட்டைக்கு அடியில சுரங்கம்.

1972 கடைசியில ஆர்னெசன் இதை விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவுக்குக் கொண்டுபோய் கேரி கைகாக்ஸ்கிட்ட ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் ஊருக்குத் திரும்பின விருந்தாளிகள் போன கையோட கிரேஹாக்னு தன் சொந்த உலகத்தை ஆரம்பிச்சுட்டார், முதல் ஆட்டக்காரர்கள் அவரோட பிள்ளைங்களேதான். 1974-ல ரெண்டு பேர் பேரும் போட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. முதல் அச்சு வெறும் ஆயிரம் பெட்டி.

அந்த 1974 விதிப்புத்தகத்துல ஒரு விஷயம் என்னை அசர வெச்சது. ஒரு கேம்பெய்ன்ல எத்தனை பேர் ஆடலாம்? நாலுல இருந்து ஐம்பது பேர் வரைன்னு போட்டிருக்கு. இருபது பேருக்கு ஒரு மாஸ்டர்ங்கற விகிதம் வேணுமாம். ஐம்பது பேரை எந்தச் சாப்பாட்டு மேசையில உட்கார வைக்கறது?

உட்கார வைக்கவே வேண்டாம், அதான் விஷயம். கேம்பெய்ன்ங்கற சொல்லே போர் ஆட்டக்காரர்கள் வெச்சிருந்ததுதான். தனித்தனிச் சண்டைகளைக் கோத்து ஒரு பெரிய படையெடுப்பா ஆடறதுக்கு அப்படிப் பேர். அதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. உலகம் ஒண்ணு, அது மாஸ்டர்கிட்ட இருக்கு. இன்னிக்கு யார் வர்றாங்களோ அவங்க சுரங்கத்துக்குள்ள இறங்குவாங்க. நாளைக்கு வேற நாலு பேர். நீங்க மூணு வாரம் வரலைன்னா உங்க பாத்திரம் ஊர்ச் சத்திரத்துல படுத்துக் கிடக்கும், அவ்வளவுதான். உலகம் நிக்காது. பிளாக்மூர்ல இது வேடிக்கையான எல்லைக்கே போச்சு. ஆட்டக்காரர்கள் எல்லாரும் சுரங்கத்துல புதையல் தேடறதுலயே மும்முரமா இருந்தப்போ, மேல கோட்டையை எதிரிகள் பிடிச்சுட்டாங்க. ஆர்னெசன் கொஞ்சமும் இரக்கம் காட்டாம அத்தனை பேரையும் ஊரைவிட்டுத் துரத்தி, லாக் குளூமென்னு ஒரு ஏரிக்கரைக்கு நாடு கடத்திட்டார்.

1979-ல கைகாக்ஸ் எழுதின மாஸ்டர்களுக்கான புத்தகத்துல நாள் கணக்கு எழுதி வைக்கச் சொல்லி ஒரே வற்புறுத்தல். ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல நிஜத்துல ஒரு நாள் போனா ஆட்டத்துலயும் ஒரு நாள் போகணும். முதல்ல படிச்சப்போ, "என்னய்யா இது, கணக்குப்பிள்ளை வேலையா இருக்கே"ன்னு தோணினது. வெவ்வேற நாள்ல வெவ்வேற கூட்டம் வந்து ஒரே உலகத்துல ஆடறப்போ, யார் எப்போ எங்க இருந்தாங்கன்னு தெரியலைன்னா எல்லாம் குழம்பிடும். ரயில்வே டைம்டேபிள் மாதிரி அவசியமான சமாச்சாரம்.

சரி, அவங்களோடது எத்தனை நாள் தாங்கினது? 1976 ஏப்ரல்ல கைகாக்ஸ் ஒரு கட்டுரையில இதுக்குக் கணக்கே சொல்லியிருக்கார். வருஷத்துக்கு 50லிருந்து 75 ஆட்டம் ஆடினா, சாகாம இருந்தா, முதல் வருஷ முடிவுல 9லிருந்து 11-ஆவது லெவல். அதுக்கப்புறம் வருஷத்துக்கு ரெண்டு மூணு லெவல்தான். இருபதாவது லெவலைத் தொட நாலஞ்சு வருஷம் ஆகும். அந்தத் தேதியில அஞ்சு வருஷ ஆயுசு உள்ள கேம்பெய்ன் பிளாக்மூர் ஒண்ணுதான், நாலு வருஷம் ஆன கிரேஹாக் ரெண்டாவது, ஆகவே வேற ஊர்ல எவனாவது இருபதாவது லெவல்னு பீத்திக்கிட்டா நம்பாதேங்கற தொனி :-).

வருஷத்துக்கு 50லிருந்து 75! வாரம் ஒண்ணுக்கு மேல. நாலஞ்சு வருஷத்துக்கு 200லிருந்து 375 ஆட்டம். எங்க பதினொண்ணை இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்து வெட்கப்பட்டேன்.

அப்புறம் என்ன ஆச்சு? என் கணிப்புல திருப்பம் 1984. டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதியோட யோசனையில பிறந்த டிராகன்லான்ஸ் சாகசத் தொடர் அந்த வருஷம் ஆரம்பிச்சது. பெரிய கதை. 1986 வரைக்கும் பதினாலு புத்தகம், கூடவே நாவல்களும். ஆடறவங்களுக்குப் பாத்திரங்கள் ரெடிமேடா வந்தாங்க. கதை ஒரு இடத்துல ஆரம்பிச்சு ஒரு இடத்துல முடியணும், நடுவுல முக்கியமான ஆள் செத்துட்டா கதை கெடும்னு, செத்த மாதிரி தெரிஞ்சாலும் திரும்பி வர வழி விடணும்ங்கற அளவுக்கு விதி. நம்ம மெகா சீரியல்காரங்க பார்த்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க.

குறை சொல்லலை, டிராகன்லான்ஸ் எனக்குப் பிடிக்கும். ஆனா இங்கதான் கேம்பெய்ன்ங்கற சொல்லுக்கு அர்த்தம் மாறினது. முன்னாடி அது ஒரு ஊர், இப்போ அது ஒரு கதை. ஊருக்கு யார் வேணா வரலாம் போகலாம். கதைக்கு அதே அஞ்சு பேர் அதே நாள்ல வந்தாகணும். நம்ம மந்திரவாதிக்குத்தானே அந்தச் சாபம், அவன் இன்னிக்கு வரலையே, எப்படி ஆடறது? ஒரு ஆள் காய்ச்சல்ல படுத்தா அஞ்சு பேர் வீட்ல உட்காரணும். அஞ்சு பேருக்கும் வேலை, கல்யாணம், குழந்தை, மாத்தல். அஞ்சு காலண்டரும் ஒத்துவர்ற நாள் எத்தனை இருக்கும்?

கம்பெனிக்காரங்க இதைக் கவனிக்காம இல்லை. 1997-ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கினது. 1999-ல பெரிய சந்தை ஆய்வு நடத்தினாங்க. 2000-ல மூணாவது பதிப்பு வந்தப்போ ஏணியோட படி சின்னதாயிடுச்சு. சராசரியா 13.33 மோதலுக்கு ஒரு லெவல். பொட்டி தட்டுறவன் இல்லையா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல்ல இருந்து இருபது வரை 19 தடவை ஏறணும், ஆக 253 மோதல். ஒரு சாயந்திரத்துக்கு நாலுன்னு வெச்சா 63 சாயந்திரம். வாரா வாரம் ஆடினா வருஷமும் கால்வாசியும். கைகாக்ஸ் நாலஞ்சு வருஷம்னு சொன்ன மலை இது! (எங்க கருப்பன் பதினோரு ஆட்டத்துல நாலாவது லெவல்ல நிக்கிறதும் இந்தக் கணக்குக்குச் சரியா பொருந்துது. மாஸ்டர் நேர்மையான ஆள்.)

2007-ல பைசோ நிறுவனம் மாசம் ஒரு புத்தகம், ஆறு மாசத்துல முழுக்கதைன்னு அட்வென்சர் பாத் வெளியிட ஆரம்பிச்சாங்க. நல்ல சரக்கு. ஆனா ஆறு புத்தகத்தையும் ஆடி முடிக்கறதுக்குள்ள பலருக்கு நாக்கு தள்ளிடும். 2021-ல அவங்களே மூணு புத்தகத்துல முடியற மாதிரியும் போட ஆரம்பிச்சாங்க. இன்னொரு பக்கம் 2009-ல வந்த ஃபியாஸ்கோ, மாஸ்டரே வேண்டாம், ஒரே சாயந்திரத்துல ஆரம்பிச்சு முடிச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குன்னு சொல்லிடுச்சு. பாத்திரங்களைக் கணினியில பதிஞ்சு வைக்கிற டி அண்ட் டி பியாண்ட் தளம் 2010கள் கடைசியில தன் கணக்கைச் சொன்னது: பத்துல ஒன்பது ஆட்டம் பத்தாவது லெவலைத் தாண்டறதே இல்லையாம். ஏணியில இருபது படி, மேல் பத்துப் படி பெரும்பாலும் தூசு படிஞ்சு கிடக்கு.

இதுக்கு நடுவுல கிரிட்டிகல் ரோல்னு ஒரு கூட்டம். குரல் நடிகர்கள், தாங்க ஆடறதை 2015-ல இருந்து ஒளிபரப்பறாங்க. முதல் கேம்பெய்ன் 115 பகுதி, ரெண்டாவது 141, மூணாவது 121. ஒவ்வொண்ணும் மூணு நாலு மணி நேரம். அதைப் பார்த்துட்டு ஆட வர்ற பசங்க, கேம்பெய்ன்னா நூறு ஆட்டம்னு நினைச்சுக்கிறாங்க. அவங்களுக்கு அதுதான் தொழில், வியாழக்கிழமை வரலைன்னா சம்பளம் போகும்கறது ஞாபகத்துல இருக்கணும்.

அப்போ தொழிலா இல்லாம நிஜமாவே நீண்டு நின்னவை எது? ரெண்டு ஆளைச் சொல்லணும்.

கனடாவுல லண்டன்னு ஒரு ஊர் இருக்கு, ஒண்டாரியோ மாகாணத்துல. அங்க வரலாற்றுப் பேராசிரியர் ராபர்ட் வார்தா. 1982-ல பள்ளிக்கூடப் பையனா ஆரம்பிச்ச ஆட்டத்தை இன்னமும் நடத்திக்கிட்டிருக்கார். ஒரே உலகம், நாப்பது வருஷத்துக்கு மேல. ஐம்பதுக்கும் அதிகமானவங்க வந்து போயிருக்காங்க. வீட்டு பேஸ்மென்ட் முழுக்க ஆயிரக்கணக்குல பொம்மைகள், மலை, கோட்டை. 1974 புத்தகம் சொன்ன ஐம்பது பேர் இங்கதான் நிஜமாகியிருக்காங்க, ஆனா ஒரே நேரத்துல இல்ல, நாப்பது வருஷத்துல பரவி.

இன்னொருத்தர் எம்.ஏ.ஆர். பார்க்கர். மினசோட்டா பல்கலைக்கழகத்துல தெற்காசிய மொழிப் பேராசிரியர், உருதுவுக்கும் பலூச்சிக்கும் பாடநூல் எழுதினவர். டெகுமெல்ங்கற அவரோட உலகம் 1975-ல புத்தகமா வந்தது. அதுக்குச் சொந்தமா மொழி, இலக்கணம், எழுத்து எல்லாம் பண்ணி வெச்சிருந்தார். பல பத்தாண்டு அவர் வீட்ல வியாழக்கிழமை ராத்திரி ஆட்டம். நாங்களும் அதே ஊர், அதே வியாழக்கிழமை! எனக்கு அப்போ இது எதுவுமே தெரியாது. தெரிஞ்சிருந்தா போய் எட்டிப் பார்த்திருப்பேன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அவர் 2012-ல காலமானார். 2022-ல, அவர் புனைபெயர்ல நாஜி ஆதரவு நாவல் ஒண்ணு எழுதினவர்ங்கறதை டெகுமெல் அறக்கட்டளையே ஒப்புக்கிட்டது. அதுக்கப்புறம் அந்த ஏக்கம் எனக்கு இல்லை. வியாழன் தவறாம அந்த மேசையில உட்கார்ந்தவங்க எப்படி எடுத்துக்கிட்டிருப்பாங்களோ.

காலண்டர் பிரச்சினைக்கு நேரடியா மருந்து கண்டுபிடிச்சவங்களும் உண்டு. பென் ராபின்ஸ்னு ஒருத்தர் வெஸ்ட் மார்ச்சஸ்ங்கற ஆட்டத்தை ரெண்டு வருஷத்துக்கு மேல நடத்திட்டு 2007-ல அதைப் பத்தி எழுதினார். பத்துப் பன்னெண்டு பேர், நிலையான நாள் கிடையாது, நிலையான கூட்டணி கிடையாது, கதையும் கிடையாது. என்னிக்கு ஆடணும், எங்க போகணும்னு ஆடறவங்களே பேசி வெச்சுக்கிட்டு மாஸ்டரைக் கூப்பிடணும். புதுசுன்னு எல்லாரும் கொண்டாடினாங்க. 1974 புத்தகத்தைப் புரட்டினா அதேதான்.

எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடிச்சது கிரெக் ஸ்டாஃபோர்டோட வழி. அவரோட பென்ட்ராகன் 1985-ல வந்தது, ஆர்தர் ராஜா காலத்து வீரர்களைப் பத்தி. 2006-ல தி கிரேட் பென்ட்ராகன் கேம்பெய்ன்னு தலையணை சைசுக்கு ஒரு புத்தகம் போட்டார். கி.பி. 485-ல ஆரம்பிச்சு எண்பது வருஷம் ஓடற கதை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு வருஷம். சாகசம் முடிஞ்சதும் குளிர்காலம்னு ஒரு கட்டம் வரும். அதுல பகடை உருட்டி வயல் விளைஞ்சுதா, குதிரை பிழைச்சுதா, பொண்டாட்டிக்குக் குழந்தை பிறந்துதான்னு பார்க்கணும். எண்பது வருஷம் எந்த வீரனும் வாழ மாட்டான். முடி நரைக்கும், பலம் குறையும், சாவான். அப்போ நீங்க அவன் பையனா ஆடணும். அப்புறம் பேரனா. அப்பாவோட கத்தி, அப்பாவோட பகை எல்லாம் பையனுக்கு வரும். எண்பது சாயந்திரம் ஆடி முடிச்சவங்க குறைவாத்தான் இருப்பாங்க. ஆனா ஆள் மாறினாலும் ஆட்டம் நிக்கக் கூடாதுங்கறதை இவ்வளவு அழகா யாரும் யோசிச்சதில்லைன்னு நினைக்கிறேன்.

எங்க கதைக்கு வர்றேன். 2008 மார்ச் 4-ல கைகாக்ஸ் காலமானார். அடுத்த ஆட்டம் 13-ஆம் தேதி. மாஸ்டர் எல்லாரையும் ஆளுக்கொரு தடவை இருபது முகப் பகடையை உருட்டச் சொன்னார், அஞ்சலியாம். எனக்கு 3 விழுந்தது. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு வியாழன்தான் மிச்சம்னு அங்க யாருக்கும் தெரியாது.

தாள் கிடைச்ச அன்னிக்கு ராத்திரி மாஸ்டருக்கு மெயில் போட்டேன். பழைய முகவரி, திரும்பி வந்துடும்னுதான் நினைச்சேன். மூணாம் நாள் பதில். கூடவே ஒரு போட்டோ: அவர் கட்டம்போட்ட தாள்ல வரைஞ்ச சுரங்க வரைபடம், அந்தக் கல் கதவு மேல சிவப்புப் பேனாவுல ஒரு கேள்விக்குறி. கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எழுதி வெச்ச நோட்டைத் தூக்கிப் போடவே இல்லையாம். பழைய ஆட்கள்ல ரெண்டு பேர் சரின்னுட்டாங்க, ஒருத்தர் வேலை அதிகம்னுட்டார், ஒருத்தர்கிட்ட இருந்து பதிலே இல்லை. காலியான இடத்துல அவரோட பொண்ணு ஆடறாளாம். 2008 ஏப்ரல்ல பிறந்து எங்க ஆட்டத்தை நிறுத்தி வெச்சாளே, அவளேதான்.

அவங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி, எனக்கு சனிக்கிழமை காலை ஆறரை. வீடியோவுல. வீட்டம்மா ஒரு மாதிரிப் பார்த்துட்டு, "காபி நீங்களே போட்டுக்குங்க"ன்னுட்டாங்க. ஒரே ஒரு சிக்கல், அந்தக் காபிக் கறையில கருப்பனோட ஹிட் பாயிண்ட் 31-ஆ 37-ஆன்னு தெரியல. 37-ன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.